போனை உடைக்காதீங்க அப்பா

— அந்தப் போனை இஞ்ச தா, சுலோஜனா. அம்மியில வெச்சுக் குத்திப் போடுறன்.

— தரமாட்டன். உடைக்காதீங்க அப்பா. அவன் புள்ளைக்கு எழுதினது முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு. பொலிசுக்கு இதைத்தான் காட்டணும்.

— பொலிசுக்கா? ஆர் போறது?

— நான்தான். இப்பவே. பவிஷாவையும் கூட்டிட்டுப் போறன்.

— நாளையிண்டைக்குக் கோயில் கொடியேற்றம். கோயிலைப் பொறுப்பெடுத்துப் பாக்கிற வண்ணக்கர் நான், முன்னுக்கு நிண்டு நடத்தணும். வண்ணக்கர்ர பேத்தி பொலிஸ் வாங்கில குந்தியிருந்தவளாம் எண்டு ஆரையம்பதி முழுக்கக் கதைக்கக்குள்ள, நான் எந்த மூஞ்சியோட நிக்கிற?

— உங்கட மூஞ்சியை விடுங்க. உங்கட பேத்திக்குப் பன்னிரண்டு வயசு. இண்டைக்கு நாலு மணிக்குத் தனிய ஆத்தங்கரைக்கு வரச் சொல்லி எழுதியிருக்கான். வராட்டி அவள்ட படத்தை வெட்டி ஒட்டி அசிங்கமாக்கி, பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் எல்லாருக்கும் அனுப்புவானாம். இப்ப மணி பதினொண்டு.

— என்ன படம் குடுத்தவள்?

— பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோட ஒரு முகப்படம். வேற மாதிரிப் படமும் கேட்டிருக்கான். இவள் குடுக்கல்ல. அதுக்குப் பிறகுதான் வெருட்டத் தொடங்கினவன்.

— மறுகா என்ன? போனை உடைச்சா அவன்ட கதையும் முடிஞ்சுது. புள்ளையை வாகரையில உன்ட மச்சாள் வீட்ட ஒரு மாசம் விடு.

— இவள் என்ன களவெடுத்தவளா, ஒளிச்சு வைக்க? இவளை ஒளிச்சா அவன் இன்னொரு வீட்டுப் புள்ளைக்கு எழுதுவான்.

— இன்னொரு வீட்டுப் புள்ளையை அந்த வீட்டு ஆக்கள் பாக்கட்டும். எல்லாம் உன்ட வளர்ப்பு! புருசன் கத்தாரில வெயிலுக்க கிடந்து காயுறான். நீ புள்ளைட கையில போனைக் குடுத்துப்போட்டு தையல் மெசின்ல குந்தியிருக்காய்.

— ஓம், குடுத்தன். வகுப்புப் பாடம் அதிலதானே வருது. அதில கேம் விளையாடக்குள்ள ஆரெண்டே தெரியாத ஆக்களோட கதைக்கேலும் எண்டு எனக்குத் தெரியா. அது என்ட பிழை. பொலிசிலயும் அப்படியே சொல்லுவன்.

— சொல்லு, நல்லாச் சொல்லு! நாலு தலைமுறையா பொலிஸ் படி மிதிக்காத குடும்பம். பரிசுகேடு!

— பரிசுகேடு அவனுக்கு. எங்களுக்கு இல்ல.

— வாயை மூடு!

— மூடமாட்டன். இது எனக்குச் சீதனமா எழுதித் தந்த வீடு. இதுக்குள்ள என்ட சொல்லுதான் நடக்கும்.

— எழுதித் தந்த கையால அறைய வைக்காத! எங்க அவள்? பவிஷா! அறைக்குள்ள கிடந்து அழுதது காணும். வெளியில வா!

— என்ன... அம்மப்பா?

— நிமிந்து நிண்டு சொல்லு. ஆரெண்டு தெரியாத ஒருத்தனுக்கு எந்த நெஞ்சில படம் அனுப்பின நீ?

— அப்பா, புள்ளையை வெருட்டாதீங்க!

— நீ சும்மா இரு. அவன் எந்த ஊர், ஆர்ட மகன் எண்டு ஒரு சொல்லுக் கேட்டியா புள்ள?

— நான் கேட்கல்ல. அம்மப்பாதான் கேட்டீங்க.

— என்ன?

— தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். நான் விறாந்தையில போன்ல விளையாடக்குள்ள அவர்ர குரல் கேட்டு, போனை வாங்கினீங்க. 'தம்பி எந்த ஊர், என்ன குடி?' எண்டு கேட்டீங்க. அவர், 'ஐயா ஆரு?' எண்டார். உங்கட பேர், வண்ணக்கர் எண்டது, எங்கட ஊர், அம்மம்மாட குடி, எல்லாம் நீங்கதான் சொன்னீங்க. அதுக்குப் பிறகுதான் அவர், 'நானும் அந்தக் குடிதான்' எண்டு சொன்னவர்.

— அப்பா... இவள் சொல்றது மெய்யா?

— அவள் சொல்லி முடிக்கட்டும்.

— 'தாய்வழியில ஒரே குடி எண்டா கூடப்பிறந்த மாதிரி, உனக்கு அண்ணன் முறை, பயப்படாமக் கதை புள்ள' எண்டு போனைத் தந்தீங்க. அண்ணன்தானே எண்டு அனுப்பினன், அம்மப்பா.

— இவ்வளவு நேரமும் என்ட வளர்ப்பு, என்ட வளர்ப்பு எண்டு ஊருக்குக் கேட்கக் கத்தினீங்களே! இப்ப இதையும் கத்துங்கவன்!

— கத்தத்தான் போறன். இஞ்ச இல்ல. ஓட்டோவைக் கூப்பிடு.

— ஓட்டோ எங்க போக?

— நீ போகப்போறன் எண்ட இடத்துக்குத்தான். நானும் வாறன். புள்ளைட பேர் வெளியில வரப்படா எண்டு பொலிசுக்கு நீ சொல்லு. என்ட பேர் வரட்டும். அந்த நாய்க்கு இவளைப் பழக்கிவிட்டது நான்தான் எண்டு என்ட வாயாலயே சொல்றன்.