குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு

அக்பெகோ எனக்கு அறுநூற்று நாற்பது சிடி பணம் தர வேண்டியிருந்தது. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனையில் நோயாளி வண்டி தள்ளுகிற என்னைப் போன்ற ஆளுக்கு அது ஒரு மாதச் சம்பளமும் கொஞ்சமும், அவ்வளவுதான். நீங்கள் மூன்று பேரும் அவன் சாவை விசாரிக்க அக்ராவிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறீர்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மழைக்கு முன் கூரைத் தகரம் மாற்ற வேண்டும் என்று கேட்டான். கொடுத்தேன். சின்ன வயதிலிருந்தே கூட இருப்பவன், கொடுக்காமல் எப்படி. அடுத்த வாரம் அவன் வீட்டு வாசலில் ஒரு டிவி பெட்டி வந்து இறங்கியது. பழைய பெட்டிதான், ஆனால் பெரியது. சனி, ஞாயிறு ஆட்டம் பார்க்கத் தெருவே அங்கே கூடும். நானும் போனேன். அவன் வாசலில் நின்று கை நீட்டினான்.

“பெஞ்சுன்னா ரெண்டு சிடி, நாற்காலின்னா மூணு.”

“என் காசுலதானடா இந்தப் பெட்டியே வாங்கின.”

“அதுக்குத்தான் மாப்ளே உனக்கு முன்வரிசை. உனக்கு மட்டும் சும்மா விட்டா மத்தவனுங்க என்னை உதைப்பானுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல தமாஷ்தான் அது. மூன்று சிடி கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று நம் ஆட்கள் இரண்டு கோல் போட்டார்கள்.

பணம் எப்போது என்று கேட்டால் “அடுத்த மாசம் பாக்கலாம்” என்பான். அதை அவன் சொல்லும் அழகே தனி. தோளில் கை போட்டு, பனைச் சாராய வாடை மூஞ்சியில் அடிக்க, ஏதோ எனக்குத் தானம் செய்கிற மாதிரி சொல்வான். இரண்டு வருஷம் கேட்டேன். எனக்குக் கோபம் வந்ததே இல்லை. என் மனைவியைக் கேளுங்கள், நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் படம் ஆடுகிறது என்று ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்பக் கூரை மேல் ஏறியிருக்கிறான். தகரம் துருப்பிடித்த தகரம். காலை வைத்ததும் உள்ளே போய்விட்டது. விழுந்தவன் நேராகப் பெஞ்சின் விளிம்பில் விழுந்தான், இடது விலாவில். நான் கொடுத்த பணத்தில் தகரம் வாங்கியிருந்தால் விழுந்திருக்க மாட்டான். இதை நீங்கள் எழுதிக்கொள்வது நல்லது.

அன்று எனக்கு டியூட்டி. வயிறு உப்பி, உதடு வெளுத்து வந்து சேர்ந்தான். வண்டியைப் பிடித்தது நான் என்று தெரிந்ததும் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“நீயா தள்ளுற? அப்ப நான் பொழச்சேன். கடன் குடுத்தவன் சாக விட மாட்டான்டா.”

“பேசாம வா.”

“பொழச்சு வர்றேன். அடுத்த மாசம் பாக்கலாம்.”

கண்ணடித்தான். அந்த நிலைமையிலும் கண்ணடித்தான்.

மயக்க மருந்து கொடுப்பவர் எசினாம் மேடம். நல்ல பெண், என்னை ‘கொம்லாண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். அவர் தூங்க வைத்தார், டாக்டர் அமெகா வயிற்றைத் திறந்தார். மண்ணீரல் கிழிந்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. வெட்டிய ஓரமெல்லாம் கசிந்தது. ஊசி குத்திய இடம் கசிந்தது. மூக்குக் குழாய் ஓரத்தில்கூட வழிந்தது. மேடம் ஒரு கண்ணாடிக் குழாயில் அவன் ரத்தத்தைக் கொஞ்சம் பிடித்து என் கையில் கொடுத்தார்.

“இதை உள்ளங்கைக்குள்ள சூடா வெச்சுக்கங்கண்ணே. பத்து நிமிஷம். அப்புறம் சாய்ச்சுப் பாருங்க.”

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது, என் கைதான் ஆய்வுக்கூடம். நல்ல ரத்தமாக இருந்தால் அந்த நேரத்துக்குள் குழாயில் உறைந்து நிற்கும், சாய்த்தாலும் அசையாது. நேரம் போனதும் சாய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது.

“கல்லீரல் போயிருக்கு,” என்றார் மேடம். “எத்தனை வருஷமாக் குடிக்கிறாரு?”

“மீசை முளைச்சதுலேருந்து.”

“உறைய வைக்கிற சத்தை ஈரல்தான் செய்யணும். அது செய்யல. வெறும் ரத்தத்தை எவ்வளவு ஏத்தினாலும் ஒழுகிட்டேதான் இருக்கும். பிளாஸ்மா நாலு பை கொண்டாங்க. ஓடுங்கண்ணே.”

அவர் சும்மா நிற்கவில்லை. ரத்தம் நிற்க ஊசி போட்டார், கால்சியம் போட்டார், உடம்பு சில்லிட்டால் இன்னும் ஒழுகும் என்று போர்வை மேல் போர்வை போட்டார். டாக்டர் வயிற்றுக்குள் துணியைத் திணித்து அமுக்கிக்கொண்டு நின்றார். அவர்கள் இரண்டு பேர் மேலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பிளாஸ்மா என்பது ரத்தத்தின் மஞ்சள் தண்ணீர். ஐஸில் செங்கல் மாதிரி இறுகியிருக்கும். உருக்குகிற மெஷின் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்து நாங்கள் வாளியில்தான் உருக்கினோம். கெட்டில் தண்ணீர் கொஞ்சம், பச்சைத் தண்ணீர் நிறைய. எப்படி என்று மேடம்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தார். “முழங்கையை விட்டுப் பாருங்க. குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு. அதுக்கு மேல போனா பை பாக்க நல்லாத்தான் இருக்கும், சத்து மட்டும் செத்துப் போயிடும்.” நான் எத்தனையோ பை உருக்கியிருக்கிறேன். ஒன்றுகூடக் கெட்டதில்லை.

அன்று கெட்டில் தண்ணீரை ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் வாளி பக்கத்திலேயே இருந்தது. முழங்கையை விட்டேன். பொறுக்கவில்லை, எடுத்துக்கொண்டேன். பிறகு நாலு பையையும் போட்டேன்.

அவசரத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனால் எனக்கு அவசரமில்லை. பை உருகும் வரை வாளி பக்கத்தில் குந்தி, சட்டைப் பையில் இருந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தேன். வழக்கமாக அரை மணி ஆகும். அன்று சீக்கிரமே உருகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“இவ்வளவு சீக்கிரமா? கடவுள் உங்களை நல்லா வெக்கணும்ணே,” என்றார் மேடம்.

நாலு பையும் ஏறியது. கசிவு கசிவாகவே இருந்தது. குழாயை மறுபடி என் கையில் கொடுத்தார். சாய்த்தேன். ஓடியது. மேடம் என்னைப் பார்த்தார், நான் குழாயைப் பார்த்தேன். ரத்த வங்கியில் வேறு பிளாஸ்மா இல்லை.

ரத்தமாவது ஏற்றலாம் என்றால், சொந்தக்காரர் யாராவது ஒரு பை கொடுத்தால்தான் அடுத்த பை என்று ரத்த வங்கி ஆள் கையை விரித்தான். அது எல்லோருக்கும் உள்ள வழக்கம். அக்பெகோவின் மனைவி யாவா கர்ப்பிணி, அவளிடம் எடுக்க முடியாது. கூட வந்த ஆட்டம் பார்க்கிற கூட்டம் மெல்ல நழுவிவிட்டது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்தேன். ஒரு பை கொடுத்தேன். அவன் மேல் எனக்கு விரோதம் கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். எழுந்ததும் தலை சுற்றியது. ஒரு பாட்டில் இனிப்பு மால்ட் பானம் குடித்துவிட்டு மறுபடி வண்டி தள்ளப் போனேன்.

பொழுது சாயும்போது அவன் போய்விட்டான். தூக்கத்திலேயே போய்விட்டான், வலி தெரியவில்லை. சாவதென்றால் அப்படிச் சாக வேண்டும்.

வண்டியைப் பிணவறைக்குத் தள்ளியதும் நான்தான்.

நேற்று யாவா என் வீட்டுக்கு வந்தாள். வயிறு முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. மேல்துணிக்குள்ளிருந்து ஒரு பால் டின்னை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“உங்க பணம்ணே. ஆட்டம் பாக்க வர்றவங்ககிட்ட வாங்கினதை ஒரு காசு தொடாம இதுலதான் போட்டு வெச்சாரு. சாராயத்துக்குக்கூடத் தொடல. முழுசாச் சேர்ந்ததும் மொத்தமாக் கொண்டாந்து குடுத்து, உங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

பாயில் கொட்டி எண்ணினேன். எல்லாம் கசங்கிய நோட்டும் சில்லறையும், நேரம் பிடித்தது. அறுநூறு இருந்தது. யாவா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மிச்சத்தைப் பிள்ளை பிறந்ததும் தருகிறேன் என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நாற்பது சிடியை நான் தள்ளுபடி செய்துவிட்டேன். மனிதனுக்கு மனிதன் அந்த அளவுக்காவது விட்டுக்கொடுக்க வேண்டாமா.