தொடர்புடைய பகுதி மட்டும்

நூற்றுப் பன்னிரண்டு பக்கத் தீர்ப்பை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சம்பளம் கொடுக்காவிட்டால் நானும் படிக்க மாட்டேன்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். உயர் நீதிமன்றம் மாதா மாதம் வழங்கும் தீர்ப்புகளில் முக்கியமானவை கட்டாக எங்கள் சட்டப் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும். சொத்து வழக்கு, குற்ற வழக்கு, அரசு அலுவலக உத்தரவை எதிர்த்த வழக்கு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு வரியில் சுருக்கம் எழுதுவேன். வக்கீல்கள் படிப்பது அந்த ஆறு வரியைத்தான். தலைக்கு மேல் வேலை கிடக்கும் கீழ் நீதிமன்ற நீதிபதிகள் படிப்பதும் அதைத்தான். பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை 'திருத்தம் சார்' என்று கிண்டல் செய்வார்கள். ஒரே வருடத்தில் அவருடைய சுருக்கங்களுக்கு இரண்டு முறை 'பிழை திருத்தம்' போட வேண்டிவந்தது. கடைசிப் பக்க மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். இரண்டாவது கட்டம் அச்சான அன்று முதலாளி அவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து அதை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. நான் அப்போது தட்டச்சுப் பிரிவில் இருந்தேன். அவர் கையில் தாள் நடுங்கியதைப் பார்த்தேன். அன்று என்னைப் பிடித்த பயம் பிறகு விடவே இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்யவைக்கும் நல்ல பயம் என்றுதான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கும் தீர்ப்பு ஒற்றைச் சாட்சி பற்றியது. இருட்டில், தூரத்திலிருந்து ஒருவர் பார்த்ததாகச் சொன்னால், வேறு ஆதாரம் இல்லாமல் அதை மட்டும் நம்பித் தண்டனை கொடுக்கலாமா என்பது கேள்வி. தீர்ப்பில் முதலில் இரண்டு தரப்பு வாதத்தையும் எழுதிவிட்டு, பிறகுதான் நீதிபதிகள் தங்கள் முடிவைச் சொல்வார்கள். நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில் 'அரசு வழக்கறிஞரின் வாதம் வருமாறு' என்று ஒரு வரி இருந்தது. அதன் பிறகு ஒன்பது பக்கம், ஒரு சாட்சியே போதும் என்று தங்கு தடையில்லாமல் போகிறது. அன்று இதழ் அச்சுக்குப் போகும் நாள். அவசரத்தில் நான் நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன். பேசுவது நீதிமன்றம்தான் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் குற்றம் சாட்டப்பட்ட ஆளை விடுதலை செய்திருந்ததையும் கவனித்தேன், வேறு ஏதோ காரணமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். 'ஒற்றைச் சாட்சியே போதும்' என்று என் ஆறு வரி அச்சேறியது. ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நீதிமன்றம் போதாது என்று சொல்லியிருந்தது.

பதினோரு நாள் கழித்துத் தீர்ப்புக் கட்டை அலமாரியில் அடுக்கும்போது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. உட்கார்ந்து மூன்று வரியில் திருத்தம் எழுதினேன். எடுத்துக்கொண்டு முதலாளி அறை வாசல் வரை போனேன். உள்ளே அவர் யாரையோ தொலைபேசியில் காய்ச்சிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்தேன். துவைக்கப் போட்ட சட்டையோடு அது தண்ணீரில் ஊறிக் கூழாகிப் போனது. இன்னொன்று எழுதவில்லை.

ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தொலைபேசி அடித்தால் மட்டும் வேறு யாராவது எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு தையற்காரம்மா வந்தார். கையில் எங்கள் இதழின் நகல். அதில் ஆறு வரியைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

"இதை எழுதினவரைப் பாக்கணும் சார்."

"நான்தாம்மா. உக்காருங்க."

உட்கார்ந்து சொன்னார். கணவர் ஒரு கிடங்கில் காவலாளி. கிடங்கு எரிந்துபோனது. இவர்தான் தீ வைத்தார், எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தேன் என்று ஒரு லாரி ஓட்டுநர் சாட்சி சொன்னார். வேறு சாட்சி இல்லை. நீதிபதி இந்த ஆறு வரியைக் காட்டிப் பத்து வருடம் போட்டுவிட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு வியாழக்கிழமை.

"அவருக்கு நெஞ்சு சரியில்ல சார். புகையில சிக்குனவரு அவருதான், அணைக்கப் போயி. உள்ள மருந்து ஒழுங்கா குடுக்க மாட்டேங்குறாங்க. இந்த மழைக்காலம் தாண்ட மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. முழுத் தீர்ப்பு கிடைச்சா ஏதாவது வழி இருக்கான்னு வக்கீல் பாக்கணும்னாரு."

"சாட்சி சொன்னவர் பொய் சொல்றாரா?"

"பொய்யின்னு சொல்ல மாட்டேன் சார். ஓடுற ஆளைப் பாத்திருப்பாரு. தீயைப் பாத்து யாருதான் ஓட மாட்டாங்க?"

நியாயமான பெண். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முழுத் தீர்ப்பின் நகல் தருவதும் எங்கள் அலுவலக வேலைதான். நீளமான தீர்ப்பாக இருந்தால் தேவையான பக்கங்களை மட்டும் எடுத்து, 'தொடர்புடைய பகுதி மட்டும்' என்று முத்திரை குத்தித் தருவோம். பக்கம் எதுவென்று நாங்கள் பார்த்துச் சொன்னால் வக்கீல்கள் நம்பி வாங்கிக்கொள்வார்கள். அது வழக்கம், நான் கண்டுபிடித்ததில்லை. நகல் எடுக்கும் இயந்திரம் பின்னறையில். கட்டைப் பிரித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். ஐம்பத்தெட்டாம் பக்கத்தைக் கொடுத்தால் அந்த மனிதர் வெளியே வருவார். அப்புறம் நீதிபதி எங்களுக்கு எழுதுவார், முதலாளி என்னைக் கூப்பிடுவார், நான் எல்லார் முன்னாலும் நிற்பேன். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பது வரை ஒன்பது பக்கம் எடுத்தேன். நாற்பத்தொன்றை எடுக்கவில்லை. முத்திரை குத்தும்போது கை நடுங்கவில்லை, அதை நானே கவனித்தேன்.

காசு வாங்கவில்லை. அவர் நீட்டினார், வேண்டாம் என்றேன்.

வக்கீல் அந்த ஒன்பது பக்கத்தைப் படித்துவிட்டு, வழக்கு தேறாது, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்றாராம். குறைக்கவில்லை. அதிலிருந்து நாற்பத்து மூன்றாவது நாள் காவலாளி சிறை ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டி இறந்தார். செய்தி சொல்ல அந்தம்மாவே வந்தார்.

"எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்குனேன் சார். உக்கார வெச்சுப் பேசுனது நீங்க ஒருத்தர்தான். சொல்லாமப் போனா மனசு கேக்காது."

அன்று இரண்டு விஷயம் நடந்தது. அவர் போகும் வரை அடக்கிக்கொண்டு, பிறகு அழுதேன். அழுது முடித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆள் போய்விட்டார், இனி இந்த வழக்கை யார் தோண்டப் போகிறார்கள் என்று தோன்றியது. பல மாதங்களுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

அந்தம்மாவை நான் சரியாக எடைபோடவில்லை. இறந்தவரின் பெயரிலுள்ள களங்கத்தைத் துடைக்க மனைவி வழக்கு நடத்தலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இந்த மாதக் கட்டில் மூன்றாவதாக இருந்தது அந்தத் தீர்ப்பு. பதினான்கே பக்கம். இம்முறை ஒரு வரி விடாமல் படித்தேன். காவலாளி குற்றமற்றவர். ஒற்றைச் சாட்சி போதாது என்று இந்த நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. கடைசிப் பத்தியில், ஒரு சட்ட இதழின் தவறான சுருக்கமும், வேண்டுமென்றே பக்கங்களை விட்டுவிட்டுத் தரப்பட்ட நகலும் கீழ் நீதிமன்றங்களைத் திசைதிருப்பின, ஒரு உயிர் போனது, இதற்குக் காரணமானவரைக் கண்டறிய வேண்டும் என்று இருந்தது. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்துதான் பக்கங்களை விட்டேன். மறைக்க ஒன்றுமில்லை. அவரைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புதுத் தீர்ப்புக்கும் நான்தான் சுருக்கம் எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கும் புரூஃப் அக்கா தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, கடைசிப் பாராவை விட்டுட்டீங்களே?"

"அது சட்டக் கருத்து இல்லக்கா. வெறும் சம்பவம்."

அவர் தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். இதழ் நேற்று வெளியாகிவிட்டது. நீங்களே எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆறு வரி, ஒரு பிழை இருக்காது.