அணைக்காத கணினி

மடிக்கணினியை அணைப்பதா, உறக்க நிலையில் விடுவதா என்று யார் கேட்டாலும், உறக்கத்தில் விடுங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன். காலையில் மூடியைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாருசேவுக்கும் அதைத்தான் சொன்னேன். எங்கள் ஒசாகா கிளையில் அவனைப் போல முதுகொடிய உழைத்தவன் இல்லை.

நீங்கள் தொழிலாளர் நல அதிகாரி, இதெல்லாம் உங்களுக்குப் புதிதல்ல. கணினியை அணைக்கும் நேரம்தான் எங்களுக்கு வீட்டுக்குப் போன நேரம். அணைக்காத நாளுக்குப் பிரிவுத் தலைவனான நான் எழுதித் தர வேண்டும். மாலை ஆறு என்று எழுதுவேன். கூடுதலாக எழுதினால் மேலிடம் என்னைத்தான் பிடித்து உலுக்கும்.

ஒருநாள் நாருசே சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு அணைச்சிட்டே போறேன் சார். எப்பப் போறேன்னு ஒரு நாளாவது பதிவாகட்டும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

"நாளைக்கு எல்லாத்தையும் மறுபடி திறந்துட்டு உக்காந்திருப்பியா? மூடி வெச்சிட்டுப் போப்பா."

மன்னிப்புக் கேட்டுவிட்டு மூடினான். நல்ல பையன்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாள் காலையில் நான்தான் முதலில் வந்தேன். முந்தைய நாள் சட்டையோடு மேசையில் கவிழ்ந்து கிடந்தான். பக்கத்தில் கடையில் வாங்கிய சோற்றுருண்டை பிரிக்காமல் இருந்தது. தோளைத் தொட்டேன், அசையவில்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. திரையில் விலைப் பட்டியல் பாதியில் நின்றது.

அதைக் காலையிலேயே வாடிக்கையாளருக்கு அனுப்பியாக வேண்டும். அவன் கையை நகர்த்திவிட்டு, மீதியை நானே முடித்து அனுப்பினேன். கணினியை அணைத்தால் அந்த நேரம் பதிவாகிவிடும். அதனால் மூடியை மட்டும் மூடினேன். பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அதற்குள் இழுப்பு நின்றிருந்தது.

இழவு வீட்டில் அவன் மனைவி சயோரி என்னிடம் வந்தாள்.

"அவரு ராத்திரி முழுக்க வீட்டுக்கு வரல சார். எப்ப வேலையை முடிச்சாரு?"

"ஆறு மணிக்கே முடிச்சிட்டாரும்மா. அப்புறம் ஏன் அங்கயே இருந்தாருன்னு தெரியல."

அவள் தலை குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வரப் பிடிக்காமல் இருந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவன் உயிர் போகிற நேரத்தில் அவன் பெயரில் மின்னஞ்சல் போயிருக்கிறதே என்று கேட்கிறீர்கள். ஆமாம், விலைப் பட்டியலின் கீழே அவன் பெயரைத்தான் போட்டேன். உழைத்தவன் பெயர் விடுபட்டுப் போகக் கூடாது, பாருங்கள். அந்த நியாயமாவது அவனுக்குச் செய்ய வேண்டாமா?