பின் அச்சுக்கு நான் தேர்ந்தெடுத்தது

வண்டிக்கு லாக்கர் வேண்டும் என்று கேட்டு வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு அது தேவைப்படாது, ஐயா. இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். யாரோ ஒரு நண்பர் சேற்றிலிருந்து சுலபமாக ஏறிப் போனதைப் பார்த்திருப்பார்கள். மறுநாள் பட்டறை வாசலில் நிற்பார்கள். உட்காரவைத்துப் பேசி, பலரை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் பிழைக்கத் தெரியாதவன் என்று எனக்கு ஒரு பெயரும் உண்டு.

நீங்கள் வண்டி வேலை பார்ப்பவர் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் உருண்டையாக ஒரு பெட்டி தொங்கும். அதுதான் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடவேண்டும். அந்த வித்தியாசத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு சக்கரம் வழுக்கினால் இஞ்சினின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். வண்டி நின்ற இடத்திலேயே நின்று கத்தும். லாக்கர் போட்டால் இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுழலும். லிமிடெட் ஸ்லிப் என்று இன்னொன்று உண்டு, அது அவ்வளவு முரட்டுத்தனம் செய்யாது. வழுக்குகிற சக்கரத்தைக் கொஞ்சம் அடக்கி, மற்றதற்கும் பங்கு கொடுக்கும். பாறையும் பள்ளமும் என்றால் லாக்கர். ஈரமான தார்ச்சாலை, நடுவே கொஞ்சம் சேறு, தினமும் போய்வர என்றால் லிமிடெட் ஸ்லிப். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பட்டறையை நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆரம்பித்தோம். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். தங்கை மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். கிளச்சைத் தேய்க்காமல் ஓட்டுகிற கால் அவளுக்கு. அதை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நில அளவையாளரின் வண்டி எங்களிடம் வந்தது. பின்பக்க வேலையை முடித்துவிட்டு, இடது சக்கரத்தை மாட்டி இறுக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். அவர் நட்டுகளைக் கையால் திருகியதோடு விட்டுவிட்டார். சக்கரம் கழன்று, அளவையாளருக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போயிற்று.

விசாரணையில் மாப்பிள்ளை, சக்கரத்தை மாட்டியது நான்தான் என்றார். அதை நான் ஒருவாறு எதிர்பார்த்திருந்தேன். பயந்த மனிதர். அடுத்து என் தங்கையைக் கூப்பிட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்ததாகவும், நான் அவசர அவசரமாக அந்தச் சக்கரத்தை மாட்டிவிட்டு வெளியே போனதைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னாள். அன்று மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் போன் செய்து, வரும்போது தலைவலி மாத்திரை வாங்கி வரச் சொன்னவள் அவள். சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவேயில்லை. நான் எதையும் மறுக்கவில்லை. என் தங்கை பொய் சொல்கிறாள் என்று எந்த வாயால் சொல்வேன்?

வெளியே வந்ததும் மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார்.

"மச்சான், நீங்க தனி ஆளு. எனக்குக் குடும்பம் இருக்கு. புரிஞ்சுக்கோங்க."

"புரியுது மாப்ள," என்றேன்.

என் தொழில் உரிமத்தை ரத்து செய்தார்கள். பட்டறையின் பெயர்ப்பலகையில் என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர் வந்தது. பெயிண்டர் பழைய எழுத்தைச் சரியாகச் சுரண்டவில்லை. வெயில் சாய்ந்து விழும்போது கீழே என் பெயர் தெரியும். அதே பட்டறையில் அவருக்குக் கீழே நான் வேலை பார்த்தேன். வேறு தொழில் எனக்குத் தெரியாது. தங்கை பழையபடி சாப்பாடு கொடுத்தனுப்பினாள். நானும் பழையபடி சாப்பிட்டேன். உப்பு குறைந்தால் சொல்வேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எங்களுக்குள் எந்த மனக்கசப்பும் தெரிந்திருக்காது.

இந்த மழைக்காலத்துக்கு முன் மாப்பிள்ளை ஒரு ஜீப் வாங்கினார். நீளம் குறைந்த வண்டி. பின்பக்கத்துக்கு என்ன போடலாம் என்று என்னிடம்தான் கேட்டார்.

"லாக்கரா, லிமிடெட் ஸ்லிப்பா மச்சான்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

யாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். யார் ஓட்டுவது?

"வார நாள்ல எல்லாம் உங்க தங்கச்சிதான். ஞாயித்துக்கிழமை மட்டும் நான்."

சாலை எப்படி?

"உங்களுக்குத் தெரியாததா? முழுக்க தார்தான். ஸ்கூல் கேட் கிட்ட மட்டும் கொஞ்சம் சேறு. மழை வந்தா மேலயிருந்து கீழ வரைக்கும் வழவழன்னு கிடக்கும்."

தொழில் தெரிந்த எவரும் அங்கேயே லிமிடெட் ஸ்லிப் என்று சொல்லியிருப்பார்கள். நான் தானியங்கி லாக்கர் என்றேன். மற்ற லாக்கர்களைப்போல அதற்குப் பொத்தான் கிடையாது. தானாகப் பூட்டும், தானாக விடும். ஈர வளைவில் ஆக்ஸிலரேட்டரில் காலைக் கொஞ்சம் அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிக்கொண்டு, இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்து வழுக்கவிடும். நீளம் குறைந்த வண்டியில் பின்பக்கம் கண் இமைப்பதற்குள் வெளியே சுற்றிவிடும்.

"பொத்தான் இல்லாதது அவளுக்குச் சுலபம்," என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் மச்சான். அவ விஷயத்துல உங்களைவிட யாருக்கு அக்கறை?"

இரண்டு நாள் உட்கார்ந்து மாட்டினேன். என் கை வேலையில் குறை சொல்லமுடியாது. ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை சரிபார்த்தேன். உங்கள் நிபுணரும் பாகங்கள் ஒழுங்காக இருந்தன என்றுதான் எழுதியிருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் தங்கை வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, திரும்பும்போது டக்டக்னு சத்தம் வருதே," என்றாள். "பழகிடும்மா," என்றேன். தானியங்கி லாக்கர் வாங்கும் எல்லோரிடமும், ஈரத்தில் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் காலை அழுத்தக்கூடாது என்று சொல்வேன். எழுதியும் கொடுப்பேன். அவளிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை மழை. எட்டேகாலுக்கு ஜீப் மூன்றாவது வளைவில் சுழன்று பள்ளத்தில் விழுந்தது. பால்காரர் இறங்கிப் பார்த்தபோதே உயிர் இல்லை.

நீங்கள் அதை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அப்படியே இருந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மச்சான் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் பிடிவாதமாக அந்த லாக்கரைப் போடச் சொன்னேன், மச்சானுக்கு ஏற்கெனவே ஒரு அநியாயம் செய்துவிட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னாராம். என் வேலையைப் பற்றி அவர் சொல்லும் இரண்டாவது பொய் இது. அதற்காகத்தான் வந்தேன். தேர்ந்தெடுத்தது நான். மாட்டியது நான். என்ன நடக்கும் என்று தெரிந்து செய்தவன் நான். என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சாவி வாங்க வந்தபோது தங்கை வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்கிறீர்கள். சொன்னாள். நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு ஸ்கூலுக்கு லீவ் போட்டுட்டு டவுன்ல விசாரணை ஆபீசுக்குப் போறேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்னு எழுதிக் குடுத்துடறேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும். நாலு வருஷமா உன் முகத்தைப் பாக்க முடியல அண்ணா."

மேற்கே மேகம் கருத்திருந்தது. வளைவைப் பற்றிச் சொல்ல அரை நிமிஷம் ஆகும். கையில் சோப்பு இருந்தது. "சரிம்மா, போயிட்டு வா," என்றேன்.

ஜீப் கிடந்தது பள்ளிக்கூடத்துக்கு ஏறும் சாலையில் இல்லை, டவுனுக்கு இறங்கும் சாலையில் என்கிறீர்கள். கைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது, நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது என்கிறீர்கள். ஆசிரியையின் பையில் தாள் இருப்பது ஒரு அதிசயமா? அவள் விசாரணை ஆபீசுக்குத்தான் போனாள் என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. அந்தச் சாலையில் கடைகளும் இருக்கின்றன, ஐயா.