கழித்துக்கொண்ட கடன்

முதல்ல துரோகம் பண்ணினது எங்க அண்ணன்தான், ஹஜ்ரத். அதை ஒத்துக்கிட்டு அப்புறம் பேசுங்க. உட்காருங்க. அந்த நாற்காலி ஆடும், சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கோங்க.

வாப்பா விட்டுட்டுப் போன பட்டறை. நான் உள்ளே வெல்டிங் புகையில வெந்தேன். அவர் ஃபேனுக்குக் கீழே கல்லாவுல உட்கார்ந்தார். திடீர்னு ஒரு நாள் வித்துட்டேன்னார். உன் பங்கு என்கிட்ட பத்திரமா இருக்கு தம்பின்னார். இருக்கு, இன்னும் பத்திரமாத்தான் இருக்கு.

என்ன, தர்மவானா? யாரு இல்லேன்னா? நோன்பு வந்தா அவர் வாசல்ல வரிசை நிக்கும். ஏழைங்களுக்குக் கொடுக்குற ஜகாத் யாருக்குக் கடமைன்னு உங்களுக்கே பாடம் எடுப்பாரே. வசதி இருக்கணும், அது ஒரு வருஷம் கையில நிக்கணும், கடன் போக மிஞ்சணும். கடன் போக! அங்கதான் நம்ம ஆளு நிப்பார்.

முழிக்காதீங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத்துன்னு வருஷா வருஷம் அவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது நீங்கதானே? தம்பிக்குத் தர வேண்டியதுன்னு என் பங்கை முதல்ல கழிப்பாராமே. போன நோன்புல நீங்களே வாய்விட்டுட்டீங்க. நான் போய்க் கேட்டா எந்தப் பங்குடான்னு கேக்குற வாய், அல்லாகிட்ட கணக்குச் சொல்றப்ப மட்டும் தம்பி கடன்னு சொல்லுது. அதோட விட்டாரா? அந்த ஜகாத்துலயே ஒரு கவர், ஏழைத் தம்பிக்குன்னு. கொண்டுவந்தது யாரு? இதே செருப்பு, இதே வாசப்படி.

அடுப்பு எரியாத அன்னைக்குக்கூட நான் அதைத் தொடலை. வீட்டுக்காரி கையை நீட்டினா, தட்டிவிட்டேன். நாம வாங்குற ஆளுங்க இல்லடி, கொடுக்க வேண்டியவங்கன்னேன். சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. இப்ப வரைக்கும் காதுல கேக்குது.

என் பங்கு கைக்கு வந்திருந்தா எனக்கும் ஜகாத் கடமை ஆகியிருக்கும், ஹஜ்ரத். ஒரு நோன்புக்காவது நாமளும் கொடுத்துப் பார்க்கணும்னு ஆசை. வேற என்ன கேட்டேன்?

அந்தக் கடனைப் பொறுத்துட்டேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லணுமா? அவர் பையனுங்க தர்றோம்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினானுங்களா? இல்லைல்ல.

சரி, எந்திரிங்க. வெயில் ஏறுது. அண்ணனைக் குளிப்பாட்டிக் கிடத்தியாச்சு, ஜனம் காத்துக்கிட்டு இருக்கு. வர்றேன். தோள் கொடுக்கிறேன், மண்ணும் போடுறேன். கூடப் பிறந்தவராச்சே. ஆனா தொழ வைக்கிறதுக்கு முன்னாடி, இவர் யாருக்காவது கடன்பட்டிருக்காரான்னு கேப்பீங்கள்ல? சத்தமா கேளுங்க.

நான் முன் வரிசையிலதான் நிப்பேன்.