நிலாவுக்குப் போகும் கையுறை

தணிகைவேல்: ...இல்ல கிரேஸு, நீ இன்னாதான் நெனச்சுக்கினு இருக்க? வெளிய வண்டி நிக்குது. பெங்களூர் விண்வெளி ஆபீஸ்லேருந்து மேடம் வந்துட்டாங்க. கையுறை எங்கன்னு கேட்டா, தையலைப் பிரிச்சுட்டேன்னு சொல்ற!

கிரேஸ்: பிரிச்சுட்டு சும்மாவா குந்திக்கினு இருந்தேன்? மறுபடி தெச்சாச்சு சார். இதோ.

தணிகைவேல்: அவங்க வரைஞ்சு அனுப்புன படத்துல இருக்கறபடிதானே?

கிரேஸ்: ...இல்ல. எனக்குச் சரின்னு பட்டபடி.

தணிகைவேல்: போச்சு! ஏர்பேக் தெச்சுக்கினு இருந்த உன்னை, சூப்பர்வைசர் நானே பேசி இந்த வேலைக்கு மாத்துனேன் பாரு... இது கார்ல போற சமாச்சாரம் இல்ல. நிலாவுல ஆளு இறங்கி நடக்கப்போறான். அவன் கையில மாட்டப்போற உறை. தேர்வாய் கண்டிகை ஊரே சிரிக்கும்!

கிரேஸ்: அதனாலதான் பிரிச்சேன்.

கவிப்பிரியா: உள்ள வரலாமா?

தணிகைவேல்: வாங்க மேடம், வாங்க. ஒரு சின்ன பேஜாரு... இவங்க கட்டை விரலை மாத்திட்டாங்க. யாரையும் கேக்காம. நாளையிலேருந்து இவங்களைப் பழைய லைனுக்கே அனுப்பிட்றேன். நீங்க...

கவிப்பிரியா: இருங்க சார். உங்க பேரு இன்னாக்கா?

கிரேஸ்: கிரேஸ். அட, மேடம் நம்மூரு பேச்சு பேசறீங்க!

கவிப்பிரியா: எனக்குச் சொந்த ஊரு பள்ளிப்பட்டு. என் பேரு கவிப்பிரியா. டெஸ்ட் பண்ணி எழுதிக்கினு போக வந்தேன். ஏன் மாத்துனீங்க?

கிரேஸ்: சொன்னா சார் திட்டுவாரு.

தணிகைவேல்: திட்டியாச்சு. சொல்லு.

கிரேஸ்: படத்துல கட்டை விரலு பக்கவாட்டுல விறைப்பா நிக்குது. மேசை மேல வெச்சுப் பாத்தா அழகாத்தான் இருக்கு. ஆனா நிலாவுல காத்து இல்லல்ல? உள்ள இருக்கற காத்துல உறை பலூனாட்டம் உப்பிக்கும். கட்டை விரலு மத்த விரலாண்ட வராது. அப்புறம் கல்லை எப்பிடிப் பொறுக்கறது? இறங்கி ஏற ஏணியை எப்பிடிப் புடிக்கறது?

தணிகைவேல்: பெரிய விஞ்ஞானி! படிச்சவங்க வரைஞ்சது...

கிரேஸ்: பன்னெண்டு வருஷம் ஏர்பேக் தெச்சிருக்கேன் சார். துணிக்குள்ள காத்து பூந்தா எந்தப் பக்கம் இழுக்கும்னு எனக்குத் தெரியும். விரலை உள்ள பாத்து சாய்ச்சேன். அடியில ரெண்டு மடிப்பு. அவ்ளோதான்.

கவிப்பிரியா: தையல் தாங்குமா?

கிரேஸ்: நேத்து ஆறு மணி நேரம் காத்தடைச்சு வெச்சேன். ஒரு நூலு நவுரல.

கவிப்பிரியா: அப்போ பாத்துடலாம். டெஸ்ட் பண்ற கண்ணாடிப் பெட்டியில உறையை மாட்டுங்க சார், உள்ள ஒரு கல்லும் சுத்தியலும் போடுங்க. நான் கையை உள்ள வுட்றேன். பெட்டிக் காத்தை உறிஞ்சுங்க.

தணிகைவேல்: மேடம்... கிழிஞ்சா உங்க கை...

கவிப்பிரியா: கிழியறதா இருந்தா இங்கயே கிழியட்டும்.

கிரேஸ்: ஒரு நிமிஷம்மா. மோதிரத்தைக் கழட்டு. ம்... முழங்கை வரைக்கும் வுடு. விரலு நுனி துணியில படுதா?

கவிப்பிரியா: படுது. அஞ்சும்.

தணிகைவேல்: காத்து போவுது... போவுது... உப்பிக்கிச்சு. மேடம், வலிக்குதா?

கவிப்பிரியா: இல்ல. கல்லு... இருங்க... நழுவுது...

கிரேஸ்: மல்லுக்கட்டாத. மெதுவா மடக்கு. உறை கூடவே வரும்.

கவிப்பிரியா: ...வந்துடுச்சு! எடுத்துட்டேன்! சார், சுத்தியலையும் புடிக்க முடியுது, பாருங்க!

தணிகைவேல்: அட... போன வாரம் என் கைக்கு இறுக்கமா இருந்தாலும் பரவால்லன்னு, இவங்க பிரிக்கறதுக்கு முன்னாடி நானே இதை மாட்டிப் பாத்தேன். சுத்தியல் மூணு வாட்டி கை நழுவி வுழுந்துச்சு.

கிரேஸ்: இன்னாது? இது தெரிஞ்சேவா என்னைத் திட்டுனீங்க?

தணிகைவேல்: ...அனுப்பற தேதி தவறிடும்னு பயந்துட்டேன்மா. தப்புதான்.

கவிப்பிரியா: தேதியை நான் பேசிக்கறேன். படத்தை மாத்தச் சொல்லியும் எழுதறேன். இவங்க இந்த மெஷினை வுட்டு எங்கயும் போகக்கூடாது.

தணிகைவேல்: போவ மாட்டாங்க மேடம். நான் போய் வண்டிக்காரனைக் கூப்பிட்றேன்.

கவிப்பிரியா: அக்கா... அவரு போயிட்டாரு. ஒண்ணு சொல்லணும். நான் டெஸ்ட் எழுத மட்டும் வந்தவ இல்ல.

கிரேஸ்: ம்.

கவிப்பிரியா: பேரை இன்னும் வெளிய சொல்லல. நிலாவுல இறங்கத் தயாராவுறவங்கள்ல நானும் ஒருத்தி. முன்னாடியே சொல்லியிருந்தா எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. உண்மை வராது. அதான் மறைச்சேன். கோவமா?

கிரேஸ்: கோவம் இன்னாத்துக்கு? அளவுச் சீட்டுல பேரு இல்ல, நம்பர் மட்டும்தான் இருந்துச்சு. ஆனா மூணு மாசமா உன் கையைத்தானேம்மா தெச்சுக்கினு இருக்கேன்... அந்தக் கை வந்து கதவைத் தள்ளுனா எனக்குத் தெரியாதா?