பூவம்மாளின் மருந்துச் சீட்டை நான் டீக்கடையில் வாசித்தது பற்றி

என் பெயர் மருதையன். தகப்பனார் பெயர் மாரியப்பன். வயது 66. விவசாயக் கூலி. ஒரத்தநாடு வட்டம், கீழச்சேத்தி, தெற்குத் தெரு. குத்தகைப் பதிவு விசாரணை அதிகாரி அவர்கள் முன்பு 17.10.1979 அன்று, அவர் அனுமதித்தபடி என் கையாலேயே எழுதிக் கொடுப்பது. நான் எழுதும் முதல் அரசாங்கக் காகிதம் இது. ஆகவே நேரம் பிடிக்கிறது.

மனுதாரர் பூவம்மாள் என் பக்கத்து வீட்டுக்காரர். கணவர் இறந்து ஆறு வருடமாக, பண்ணைக்குச் சொந்தமான மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, அவரே குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். குத்தகையைத் தன் பெயரில் பதியச் சொல்லி மனு கொடுத்த மறுவாரம், பண்ணைக் காரியஸ்தர் சிவசாமி ஆள் வைத்து, முளைத்து எட்டு நாளான அவருடைய நாற்றங்காலை உழுது போட்டார். அதன் பிறகு பூவம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை, உறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றார். அதன் பிறகு நான் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா, "எப்பலேந்தும்மா தூக்கம் இல்ல?" என்று கேட்டார்.

"நாத்தங்கால உழுத அன்னிலேந்துங்க."

டாக்டரம்மா, "மாத்திரை எழுதறேன். நெலத்துக்கு நான் எங்கம்மா சீட்டு எழுதறது?" என்றார்.

அதன் பிறகு சீட்டு என் கைக்கு வந்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள நான் முதியோர் பள்ளியில் சேர்ந்து அப்போது நான்கு மாதம். சீட்டு தமிழில் இருந்ததால், வழியில் டீக்கடையில் நின்று, "மனச்சோர்வு, தூக்கமின்மை, இரவில் ஒரு மாத்திரை" என்று சத்தமாக வாசித்தேன். எங்கும் தடுக்காமல் வந்த சந்தோஷத்தில் இரண்டாம் முறையும் வாசித்தேன். பூவம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டார். பெஞ்சில் இருந்த சிவசாமி, "என்னா மருதையா, பைத்தியக்காரிக்குச் சீட்டு வாசிக்கவா பள்ளிக்கொடம் போனே?" என்று சிரித்தார். அதன் பிறகுதான், பூவம்மாள் சித்தம் கலங்கியவர், சாகுபடிக்குத் தகுதியற்றவர் என்று பண்ணைத் தரப்பில் எதிர்மனு வந்தது.

அந்தச் செய்தி வெளியே போனது என் வாயால். வாய்க்காலில் தண்ணீர் வராத வருடங்களில் எங்கள் தெருவில் யாருமே உறங்கியதில்லை. அப்போது எங்களைப் பைத்தியம் என்று ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பூவம்மாள் இப்போது வெளியே காத்திருக்கிறார். அந்த மூன்று மாவில் எந்த வரப்பில் நண்டு துளைத்துத் தண்ணீர் ஒழுகும், எந்த மூலையில் நாற்றை ஆழ நட்டால் அழுகும் என்று அவரையும் காரியஸ்தரையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. எழுதியதை நானே படித்துப் பார்த்து, சரி என்று ஒப்பமிடுகிறேன்.

மா. மருதையன்